பெயர் ஒன்று, ஆள் வேறு

"நோபடி அட் லோக்கல்ஹோஸ்ட் என்ற நபருக்கு அனுமதி இல்லை. பாஸ்வேர்டு பயன்படுத்தப்பட்டதா: இல்லை." கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷில் வரும் ஒற்றை வரி. 2000ஆம் ஆண்டு வாக்கில் வெப்சைட் தயாரிக்கும் வேலையில் இறங்கிய இளைஞர்களில் பலர் இந்த வரியில் முட்டிக்கொண்டவர்கள்தான். மான்குர்த்திலிருந்து தினமும் வாஷிக்கு வேலைக்குப் போய்வந்த ஒரு தமிழ் இளைஞருக்கு, யார் இந்த நோபடி என்று தேடுவதிலேயே அரை நாள் போயிற்று.

நோபடி என்றால் யாருமில்லை என்று பொருள். அந்த நாட்களில் பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் இந்தப் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டுமென்றே வைத்த அதிகாரமில்லாத பெயர் அது. வெளியாள் யாராவது உள்ளே புகுந்துவிட்டாலும் அதிகம் சேதப்படுத்த முடியாது என்பது கணக்கு. வெப் சர்வரில் உள்ள ஸ்க்ரிப்ட், டேட்டாபேஸின் கதவைத் தட்டும்போது தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் போனால், எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த வரி சொன்ன சேதி இதுதான்: உன் ஸ்க்ரிப்ட் பெயரும் சொல்லவில்லை, பாஸ்வேர்டும் கொண்டுவரவில்லை.

அவரோ இரண்டையும் ஃபைலின் தலையிலேயே எழுதி வைத்திருந்தார். எழுத்துப்பிழை இருக்குமோ என்று அழித்து மறுபடி அடித்தார். பாஸ்வேர்டையே மாற்றிப் பார்த்தார். சர்வரை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டார். எதற்கும் அசையவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த சீனியர்தான் வரியின் கடைசிச் சொல்லைக் காட்டினார். பாஸ்வேர்டு தவறு என்று அது சொல்லவில்லையே, பாஸ்வேர்டு வரவே இல்லை என்றுதானே சொல்கிறது? பூட்டில் கோளாறு இல்லை. சாவி கைக்கு வந்து சேரவில்லை.

காரணம் டேட்டாபேஸில் இல்லை, பிஎச்பி என்ற மொழியில் இருந்தது. ப்ரோகிராமில் ஒரு மதிப்புக்கு நாம் இடும் பெயர்தான் வேரியபிள். அந்தப் பெயர் எந்த எல்லை வரை செல்லும் என்பதை 'ஸ்கோப்' என்கிறார்கள். ஃபைலின் தலையில் எழுதிய வேரியபிளை அதே ஃபைலில் உள்ள எந்த ஃபங்ஷனும் பார்க்கலாம் என்பது சி மொழியின் வழக்கம். தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு முளைத்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் கற்றது பெரும்பாலும் அந்த சி மொழிதான். பிஎச்பியில் நிலைமை தலைகீழ். அங்கே ஃபங்ஷன் என்பது ஜன்னல் இல்லாத அறை. வெளியே எழுதியது எதுவும் உள்ளே தெரியாது. தெரிய வேண்டுமானால் 'குளோபல்' என்று ஒரு வார்த்தை எழுதி அந்தப் பெயரை உள்ளே அழைக்க வேண்டும், அல்லது மதிப்பைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அழைக்க மறந்தால் மொழி கோபித்துக்கொள்வதும் இல்லை. இல்லாத பெயரை வெறுமை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். சின்னதாக ஒரு எச்சரிக்கை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் மொழியோடு வந்த அமைப்பிலேயே அது அடைக்கப்பட்டிருந்தது. புதியவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, புதியவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள்.

இந்த மொழி பிறந்த கதையைப் பார்த்தால் இப்படி இருப்பதில் வியப்பில்லை. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் இணையத்தில் போட்டிருந்த தன் சுயவிவரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிக்கொண்ட சின்ன ப்ரோகிராம்களை 1995இல் ஊருக்குப் பொதுவாக்கினார். 'சொந்த வீட்டுப் பக்கம்' என்பது போன்ற எளிமையான பெயரின் முதலெழுத்துகள்தான் பிஎச்பி. அதே ஆண்டில் வெளியானது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மைக்கேல் விடெனியஸ் தன் மகள் 'மை'யின் பெயரையே அதற்கு வைத்தார். இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டதும் அந்த 1995இல்தான், ஆகஸ்ட் 15 அன்று. மொழியும் டேட்டாபேஸும் காசில்லாமல் கிடைத்ததால், மும்பையின் சின்னக் கம்பெனிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. வாஷியில் அவர் சேர்ந்த அலுவலகமும் அப்படிப்பட்டதுதான். ஆறு பேர், நான்கு கம்ப்யூட்டர்.

மான்குர்த் ஹார்பர் லைனின் கடைசி ஸ்டேஷனாக இருந்த காலம் ஒன்று உண்டு. குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று வந்து வண்டி நின்றுவிடும். அப்புறம் சதுப்பு நிலமும் கழிமுகமும்தான். 1992 மே மாதம் தானே கழிமுகத்தின் மேல் பாலம் போட்டு வாஷிக்கு ரயில் விட்டார்கள். மும்பைவாசிக்கு 'லோக்கல்' என்றால் ரயில். இந்த இளைஞருக்கு மட்டும் அது இரண்டு அர்த்தமுள்ள சொல்லாகிவிட்டது. காலையில் லோக்கலில் போய், பகலெல்லாம் லோக்கல் வேரியபிளோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவு லோக்கலில் திரும்புவார்.

பெயர் எதுவரை செல்லும் என்பது அவர் வளர்ந்த பகுதிக்குப் புதிய கேள்வியும் அல்ல. மான்குர்த்தில் ஜனதா காலனி என்ற பெரிய குடிசைப் பகுதி இருந்தது. தமிழர்கள் கணிசமாக வாழ்ந்த இடம். அணுசக்தித் துறை அந்த நிலத்தைக் கேட்டது. கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அங்கேயே குடியிருந்த ஏ. ஜோக்கின் வழக்கு, போராட்டம் என்று ஆண்டுக்கணக்கில் தடுத்துப் பார்த்தார். நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976 மே மாதம் போலீஸ் படையோடு வந்து காலனியைக் காலி செய்தார்கள். சுமார் 70,000 பேர். பெரும்பாலோர் டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப்புக்குப் போனார்கள். (ஜோக்கினுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018இல் காலமானார்.) அதே 1976 ஜனவரியில் பம்பாய்க் குடிசைகளைக் கணக்கெடுத்து 'போட்டோ பாஸ்' கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தாளில் பெயர் இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றும் பல வீடுகளில் அது பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. இளைஞரின் தந்தைக்கு வீட்டில் ஒரு பெயர், கட்டட வேலை செய்த இடத்தில் 'மதராஸி' என்று ஒரு பெயர், ரேஷன் கார்டில் மராட்டி எழுத்தில் வேறொரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்த மனிதர் அலைந்த அலைச்சல், மகனுக்கு ஸ்கோப்பைப் புரிய வைக்கப் போதுமானதாக இருந்திருக்கும்.

'குளோபல்' என்ற வார்த்தையைக் கற்ற பிறகும் நிம்மதி வரவில்லை. அடுத்து வந்த கோளாறு இன்னும் விஷமமானது. டேட்டாபேஸ் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் தனி ஃபைலில் வைத்து, தேவையான இடத்தில் 'இன்க்ளூட் ஒன்ஸ்' என்ற கட்டளையால் இழுத்துக்கொள்வது வழக்கம். ஒரே ஃபைல் இரண்டு முறை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கட்டளை அது. அவர் அதை ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதினார். முதல் ஃபங்ஷன் அருமையாக வேலை செய்தது. அதே பக்கத்தில் இரண்டாவது ஃபங்ஷனை அழைத்தால் மறுபடி நோபடி வந்து நிற்கிறார். வரிசையை மாற்றிப் போட்டால் இரண்டாவது ஓடுகிறது, முதலாவது படுத்துவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி.

விளக்கம் எளிதுதான், தெரிந்த பிறகு. ஃபங்ஷனுக்குள் இழுத்த ஃபைலில் உள்ள பெயர்கள் அந்த அறைக்குள் மட்டுமே வாழும். அறையை விட்டு வெளியேறியதும் போய்விடும். இரண்டாவது அறை அதே ஃபைலைக் கேட்கும்போது, 'அதுதான் ஏற்கெனவே வந்தாயிற்றே' என்று மொழி கைவிரித்துவிடும். பாஸ்வேர்டு முதல் அறையோடு செத்துப்போனது அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க ஒரே வழி, சந்தேகப்படும் வேரியபிளைக் கதவைத் தட்டுவதற்கு முந்தைய வரியில் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது. வெறுமையாக வந்தால் டேட்டாபேஸைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். பெரிய புத்தகங்களைவிட இந்த ஒரு பழக்கம்தான் அவருக்குச் சோறு போட்டது.

டேட்டாபேஸின் மேல் நியாயமான குற்றச்சாட்டுகளும் உண்டு. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் மைஎஸ்க்யூஎல் லினக்ஸில் சாக்கெட் என்ற உள்வழியாகப் போகும். அதையே 127.0.0.1 என்று எண்ணில் எழுதினால் 3306ஆம் எண் வாசலுக்கு, நெட்வொர்க் வழியாக வரும். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரின் பெயர்தான். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கலாம். இன்னொன்று, 'இணைப்புகள் அதிகம்' என்ற 1040ஆம் எண் பிழை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முன்பு 100 என்றிருந்தது, பிறகு 151 ஆயிற்று. அதற்கு மேல் ஒரு இடம் நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். கூட்டம் நெரியும்போது அவராவது உள்ளே போய் யாரையாவது இறக்கிவிட வேண்டுமே. இணைப்பை மூடாமல் வைத்திருந்து மறுபடி பயன்படுத்தும் வசதி ஒன்றும் இருந்தது. வேகம் கூடும் என்று அதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் தானாக வெளியேற்ற 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், எடுத்துக்கொள்ளும் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. காலை எட்டே காலுக்குக் குர்லாவில் ஏறி உட்கார்ந்தவன் மாலை வரை எழுந்திருக்காவிட்டால் மற்றவர்கள் கதி என்ன?

2002 ஏப்ரலில் பிஎச்பி 4.2 வந்தபோது வேறு விதமான கலவரம். அதுவரை, பக்கத்தைப் பார்க்க வருபவர் படிவத்தில் நிரப்பும் எதுவும் தானாகவே அதே பெயரில் குளோபல் வேரியபிளாகிவிடும். வசதிதான். வருபவர் இணைய முகவரியின் வாலில் 'நான் அதிகாரி' என்று எழுதிச் சேர்த்தால் ஏமாறும் ஸ்க்ரிப்டுகளும் அதனால்தான் இருந்தன. அந்த ஏற்பாட்டை அடைத்துவைத்தார்கள். 2012இல் அடியோடு எடுத்தே விட்டார்கள். சர்வரைப் புதுப்பித்த அன்று வாடிக்கையாளர்களின் பழைய ஸ்க்ரிப்டுகள் எல்லாம் ஒரே இரவில் ஊமையாயின. வாஷி அலுவலகத்தில் அந்த வாரம் யாரும் கடைசி வண்டிக்கு முன் கிளம்பவில்லை.

அலுவலகத்தில் ஒரு பிழையென்றால் யாரோ ஒரு கடைக்காரரின் படிவம் ஓடாது, அவ்வளவுதான். 2006இல் மான்குர்த்தில் வந்த பிழை அப்படிப்பட்டதல்ல. அவருடைய சித்தி, தெருப் பெண்கள் சேர்ந்து நடத்திய சேமிப்புக் குழுவின் கணக்கைப் பார்த்துவந்தார். மராட்டியில் பசத் கட் என்பார்கள். இட்லி விற்பவர், மீன் விற்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லோரும் தினமும் பத்தோ இருபதோ கட்டுவார்கள். சேமிப்பைப் பொறுத்துக் கடன். சித்தியின் கையெழுத்து நோட்டோடு, ஒரு பழைய கம்ப்யூட்டரில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் போட்டு அவர் கணக்கு ஏற்றிக் கொடுத்திருந்தார். ஆண்டு முடிவில் வட்டி சேர்க்கும் பகுதியை மட்டும் ஒரு கல்லூரி மாணவன் பிறகு எழுதிச் சேர்த்தான்.

அந்த வருடப் பட்டியலில் 41ஆம் எண் பெண்ணுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்தது. மகன் படிப்புக்குக் கடன் கேட்டிருந்தவர் அவர். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கடனை மறுத்துவிட்டது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர், வேறு ஊர்க்காரர், பேச ஆளில்லை. அவர் நேராகச் சித்தியின் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார். "அக்கா, எண்ணிக் குடுத்தது நான். எழுதினது நீங்க. நடுவுல யாரு எடுத்தா?" சித்தி நோட்டைக் காட்டினார். நோட்டில் நாலாயிரம் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று தெரு முழுக்க நம்பியது. நோட்டைப் பிறகு திருத்தியிருப்பார் என்றுகூடப் பேச்சு வந்தது. இருபது வருடமாகத் தெருவின் பணத்தைத் தொட்டுவந்த சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தார். அங்கே நாலாயிரத்துச் சொச்சம் சரியாக இருந்தது. தாளில் மட்டும் தவறு. மறுபடி அச்சிட்டார், மறுபடி தவறு. இதற்குள் 42ஆம் எண்ணாக ஒரு பெண் சேர்ந்து, இரண்டு நாள் பணம் மட்டும் கட்டியிருந்தார். அடுத்த அச்சில் 41 சரியாகிவிட்டது. 42க்கு நேராக நாலாயிரத்துச் சொச்சம். "எனக்கு ஏதுண்ணே இவ்வளவு?" என்று சிரித்தார் அந்தப் பெண். அந்தச் சிரிப்புதான் துப்பு. தவறு ஆளைத் தொடரவில்லை, கடைசி இடத்தைத் தொடர்ந்தது. கடைசியில் இருப்பவருக்கு, முந்தையவரின் தொகை விழுகிறது.

மாணவன் எழுதிய வரியில் ஒரு 'அண்ட்' குறி இருந்தது. வட்டியைச் சேர்க்கும்போது 'தொகை' என்ற பெயரை ஒவ்வொருவரின் பெட்டியோடும் மாற்றி மாற்றிக் கட்டுவதற்கான குறி. தொகையில் சேர்த்தால் பெட்டியிலேயே சேரும். சுற்று முடிந்தபோது அந்தப் பெயர் 41ஆம் பெட்டியோடு கட்டியபடியே நின்றது. பிஎச்பியில் ஃபங்ஷனுக்குத்தான் அறை உண்டு. சுற்றுக்கு அறை கிடையாது. சுற்று முடிந்தாலும் அதன் பெயர்கள் வெளியே உயிரோடு உலவும். அடுத்த சுற்று அச்சிடுவதற்கு. அதிலும் அதே 'தொகை'. முதல் பெண்ணின் பணத்தைத் தொகையில் வைத்து அச்சிட்டபோது அது 41ஆம் பெட்டியிலும் விழுந்தது. இப்படியே 40 பேரும். கடைசியில் 41ஆம் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது 40ஆம் பெண்ணின் பணம். எல்லாம் கம்ப்யூட்டரின் நினைவில் நடந்த விவகாரம். டேட்டாபேஸுக்கு இதில் சம்பந்தமே இல்லை. முதல் சுற்று முடிந்ததும் 'அன்செட்' என்று ஒரு வரி எழுதிக் கட்டை அவிழ்த்துவிட்டால் போதும். பிஎச்பியின் கையேட்டிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. மொழி அப்படித்தான் இயங்கும் என்பது அதன் நிலை. இன்றைய பதிப்புகளிலும் மாறவில்லை.

வரியைச் சேர்த்து, புதிய பட்டியலை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனார். "என்கிட்ட ஏண்டா சொல்ற? அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றார் சித்தி.

அண்ட் குறியை எப்படிச் சொல்வது? "சின்னப் பையன் எழுதினது, அக்கா. கடைசி வீட்டுக் கதவுல மாட்டின பேர்ப்பலகையைக் கழற்றாம விட்டுட்டான். அடுத்து வந்த தபாலெல்லாம் அந்த வீட்டுலயே விழுந்துடுச்சு" என்றார். அந்தப் பெண் பட்டியலை வாங்கித் தன் எண்ணுக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப என் காசு எங்கயும் போகலியா?"

"போகலை. உள்ள அப்படியே இருந்துச்சு. தாள்லதான் தப்பு."

"தாளைப் பார்த்துத்தானே தம்பி கடன் இல்லேன்னாங்க?"

அடுத்த கூட்டத்தில் கடன் கிடைத்தது. அதற்குள் அவர் கோவண்டியில் ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிப் பள்ளியில் கட்டிவிட்டிருந்தார். குழுவின் கடனில் பாதி அந்த வட்டிக்காரருக்கே போனது. சித்தி நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் தாளையும் நோட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, 42ஆம் எண்ணிலிருந்து மேல் நோக்கிப் படித்துக்கொண்டு வருவார்.